வீட்டுக்குத்தான் லாபம்

1

பகல் ஷிஃப்டில் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள். எங்கள் தொழிலில் தோளைத் தட்டினால் மேசையை விட்டு நகர வேண்டும் என்று பொருள். வழக்கம்போல இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரையிலிருக்கும் கேமராவுக்குத் திருப்பிக் காட்டிவிட்டு நகர்ந்தேன். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கான சைகை அது. கனடாவில் இந்தச் சூதாட்ட விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பலமுறை நான் திருடி இல்லை என்று கூரைக்கு நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.

உள் அறையில் என் மேலாளரோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். மாகாணத்தின் சூதாட்ட உரிம அலுவலகத்திலிருந்து வந்தவர். அவர்கள் கொடுக்கும் உரிமம் இல்லாமல் இந்த விடுதியில் ஒரு சீட்டைக்கூட யாரும் தொட முடியாது. அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் நான். வேலைச் சீருடையான கறுப்பு மேல்கோட்டு, கழுத்தில் உரிம அட்டை தொங்கும் பட்டை. தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில்: ‘கனடா மெர்சி அக்கா சொல்லும் ஜெயிக்கும் வழி!’ கீழே ஏதோ ஒரு சூதாட்டச் செயலியின் பெயர், தரவிறக்க ஒரு பொத்தான்.

அந்தக் காணொளியில் நான் தமிழில் பேசுகிறேன். என் குரல்தான், என் வார்த்தைதான். “பிளாக்ஜாக்ல கரெக்டா ஆடினா நூத்துக்கு அரை ரூபாதான் போவும்.” ஒரு வெட்டு. “பேங்கர் மேல கட்டினா ஒரு ரூபா சொச்சம்.” இன்னொரு வெட்டு. “எந்த ஆட்டம் ஆடினாலும் கடைசியில வீட்டுக்குத்தான் லாபம்.” பின்னணியில் காசு கொட்டுகிற சத்தம்.

அதிகாரி தன் கையிலிருந்த மொழிபெயர்ப்பைப் படித்தார். ‘எந்த ஆட்டத்தை ஆடினாலும் இறுதியில் உங்கள் குடும்பம் பயனடையும்’ என்று யாரோ அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. நான் சிரித்ததையும் அவர் குறித்துக்கொண்டார்.

2

சூதாட்ட விடுதியை இங்கே ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்’ என்பார்கள். எதிரே ஆடுபவர்கள் ஆட்டக்காரர்கள், நாங்கள் ஹவுஸ். காலையிலிருந்து மாலைவரை காதில் விழுந்து விழுந்து, நான் தமிழில் பேசும்போதும் அது ‘வீடு’ என்றே வாயில் வந்துவிடுகிறது. இப்படி எத்தனையோ சொற்கள் இங்கே வந்தபின் என் நாக்கில் இடம் மாறிவிட்டன. என் மகள் ரேச்சல் பிறந்ததே இங்கேதான். அவளுடைய தமிழ் எங்கள் வீட்டுச் சமையலறையைத் தாண்டாது. ஆனால் அந்தக் காணொளியைக் காட்டியதும் அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. “அம்மா, நீ ஹவுஸ்னு சொல்ற. அவங்க ஹோம்னு எடுத்துக்கிட்டாங்க.” எங்கள் சொந்த ஊரான ஆம்பூரில் இருப்பவர்களுக்குப் புரியாதது இவளுக்குப் புரிகிறதே என்று பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டபோது என் தங்கை ஜாய்ஸின் கணவர் டேவிட் பேச்சுவாக்கில் கேட்டார். “அக்கா, நீங்க அதுலயே இருக்கீங்களே, எந்த ஆட்டத்துல சான்ஸ் ஜாஸ்தி?” வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், சீருடையில் இருந்தேன். ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்பதே அபூர்வம். இங்குள்ள எங்கள் சபையில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது ‘ஹோட்டல்ல இருக்காங்க’ என்றுதான் சொல்வார்கள். ஒருவர் கேட்கிறாரே என்று உட்கார்ந்து, விலாவாரியாகச் சொன்னேன். அதை அவர் பதிவு செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அன்று சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். அவர் வெட்டி எறிந்த பாகம் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

ரூலட் சக்கரத்தில் முப்பத்தேழு குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்று பச்சை. சிவப்பில் நூறு வைத்து ஜெயித்தால் நூறு கிடைக்கும். பார்த்தால் பாதிக்குப் பாதி மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பச்சைக் குழி எங்களுடையது. அதில் பந்து விழுந்தால் சிவப்பும் போச்சு, கறுப்பும் போச்சு. அந்த ஒரு குழியினால் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக இரண்டு ரூபாய் எழுபது காசு எங்களுக்கு வருகிறது. அமெரிக்கச் சக்கரத்தில் பச்சை இரண்டு; எடுப்பது ஐந்தேகால் ரூபாய். ஒரு குழியை வெட்டிச் சேர்த்தார்கள், வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பானது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

பக்கரா என்ற சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம் சீட்டு விழும்; எது ஜெயிக்கும் என்று கட்டுவதுதான் ஆட்டம். பேங்கர் பக்கம் கட்டினால் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் போகும். பிளேயர் பக்கம் என்றால் ஒன்றேகால். இரண்டும் சமமாக முடியும் என்று கட்டினால் எட்டு மடங்கு தருகிறோம் என்று விளம்பரமாக எழுதி வைத்திருப்போம். அதில் போவது பதினான்கு ரூபாய்க்கு மேல். பகடை ஆட்டத்தில் ஓரமாக இருக்கும் சாதாரணக் கோட்டில் வைத்தால் ஒன்று நாற்பது. மேசையின் நடுவில் கண்ணைப் பறிக்கிற கட்டங்கள் இருக்கின்றன, அங்கே பத்தும் அதற்கு மேலும் போகும். எது கண்ணைப் பறிக்கிறதோ அதில்தான் அதிகம் பறிப்பார்கள். பொத்தானை அழுத்தி ஆடும் ஸ்லாட் இயந்திரங்களில் எவ்வளவு போகிறது என்று அதன்முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்றைத் தாண்டாமல் என்னுடையதைவிட அதிகமாக வர வேண்டிய பிளாக்ஜாக் ஒன்றில்தான் ஆடுபவரின் மூளைக்கு வேலை உண்டு. எந்தக் கைக்கு என்ன செய்வது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதை எந்திரம் மாதிரி பின்பற்றினால் போவது அரை ரூபாய். ஆனால் மனிதர்கள் எந்திரம் இல்லை. கையில் பதினாறு, என் முன்னால் பத்து தெரிகிறது. அட்டவணை ‘இன்னொரு சீட்டு வாங்கு’ என்கிறது. பத்தில் ஏழு பேர் பயந்து நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். அரை ரூபாய் இரண்டு ரூபாயாகிவிடும். போதாததற்கு, முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று வந்தால் பத்துக்குப் பதினைந்து கொடுத்த மேசைகளைப் பன்னிரண்டு கொடுக்கும் மேசைகளாக மாற்றினார்கள். மேசை விரிப்பில் சின்ன எழுத்து மாறியது, அவ்வளவுதான். போன சீட்டுகளை எண்ணி ஞாபகம் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்தால் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவோம். ஜெயிக்கத் தெரிந்தவனுக்கு இந்த வீட்டில் நாற்காலி கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. அந்த இரண்டு ரூபாய் எழுபது காசு, நீங்கள் பையில் கொண்டுவந்த பணத்துக்கு அல்ல. சுற்றிச் சுற்றி நீங்கள் வைத்த மொத்தத்துக்கு. ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்தவர் அதையே வைத்து, கொஞ்சம் ஜெயித்து, மறுபடி வைத்து, எழுந்திருப்பதற்குள் ஐம்பதாயிரத்துக்குப் பந்தயம் கட்டியிருப்பார். அதில் எங்கள் பங்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது. அவர் கொண்டுவந்ததே ஆயிரம். இதைச் சொல்லிவிட்டுத்தான், “எந்த ஆட்டம் ஆடினாலும் கடைசியில வீட்டுக்குத்தான் லாபம், அதனால அந்தப் பக்கமே தலைவெச்சிப் படுக்காதீங்க தம்பி” என்றேன்.

பின்பாதியை டேவிட் வெட்டிவிட்டார்.

3

உரிம அலுவலகம் விளக்கம் கேட்டது. அந்தக் காணொளி நீக்கப்பட்டதற்கான ஆதாரத்தையும் கேட்டது. உரிமம் பெற்றவர் எந்தச் சூதாட்டத்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. சொந்தப் பெயரில் இந்த உரிமத்தை வாங்க நான் பத்து விரல்களின் ரேகையைக் கொடுத்திருக்கிறேன், வங்கிக் கணக்கைத் திறந்து காட்டியிருக்கிறேன், ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கித் தந்திருக்கிறேன். என் முகத்தை ஒட்டி ஊரையே அழைக்கிற செயலிக்கு மட்டும் ரேகையும் கிடையாது, முகவரியும் கிடையாது. நம் ஊரில் தடை இருக்கிறது என்கிறார்கள். ஒரு பெயரைத் தடுத்தால் மறுநாள் இன்னொரு பெயரில் வருகிறது.

டேவிட்டைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தங்கையும் எடுக்கவில்லை. எடுத்தது சுமதி. இல்லை, சுமதியே என்னைக் கூப்பிட்டாள்.

ஆம்பூர் கம்பெனியில் நானும் சுமதியும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்தவர்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவு. நான் கல்யாணமாகிக் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவள் அதே பிரிவில் இருக்கிறாள், இப்போது ஒரு வரிசைக்கு மேற்பார்வை. புருஷன் இல்லை. மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

“இன்னா மெர்சி, நல்லா இருக்கியா?” என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலே சரியாக இல்லை.

“சொல்லுடி.”

“போனஸ் போச்சு. கம்மலு அடகுல போச்சு. பொண்ணுக்குக் கட்டவேண்டிய பீஸு போச்சு. உன் மூஞ்சியப் பாத்துதான் போட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் போட்ருக்க மாட்டேன். மெர்சி பொய் சொல்ல மாட்டான்னு லைன்ல நாலு பேருக்கு நானே சொன்னேன்.”

“நான் அப்படிச் சொல்லல சுமதி. முழுசா கேளு...”

“இன்னாத்த முழுசா கேக்கறது? வீட்டுக்கு லாபம்னு நீ சொல்றியே, என் காதால கேட்டேனே. எந்த வீட்டுக்குடி?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை.

தன் மொபைல் கடையில் வைத்து டேவிட் அவளுக்கு ‘டபுளிங்’ சொல்லிக் கொடுத்திருக்கிறார். சிவப்பில் ஐம்பது வை. போனால் நூறு. அதுவும் போனால் இருநூறு. என்றைக்காவது சிவப்பு வந்துதானே ஆக வேண்டும், வந்தால் போனது எல்லாம் திரும்பி, மேலே ஐம்பது லாபம். கேட்கும்போது ஓட்டையே தெரியாது. இது புதிதும் இல்லை. என் மேசைக்கு வாரம் ஒருவராவது இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி வருவார். எட்டு முறை தொடர்ந்து போனால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஐம்பது, நூறு, இருநூறு என்று ஏறி எட்டாவதில் ஆறாயிரத்து நானூறு. மொத்தம் பன்னிரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. ஐம்பது ரூபாய் லாபத்துக்காக. அப்படித் தொடர்ந்து எட்டு முறை போவது ஏறக்குறைய இருநூறில் ஒன்று. இருநூறில் ஒன்றுதானே என்று தோன்றும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சக்கரத்தைச் சுற்றுகிறவருக்கு அந்த இருநூறு சில நாட்களில் வந்துவிடும். அதற்குமேல் இரட்டிக்கப் பணம் இருக்காது. இருந்தாலும் செயலி உச்சவரம்பு போட்டிருக்கும். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஏழு முறை கறுப்பு வந்ததால் எட்டாவது சிவப்பாக வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுமதிக்கு அது ஒரு வாரத்துக்குள் வந்தது. போனதை எடுக்கக் கம்மலை அடகு வைத்து மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் வந்தது.

நான் ஊருக்குப் போக விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். சம்பளமில்லாத விடுப்புதான் கிடைத்தது. என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். “போன்ல முடியறதுக்கு பிளேன்ல போறியா?” என்று கேட்டார். போனில் முடியவில்லை என்றேன். ரேச்சலைக் கூட வரச் சொன்னேன். பரீட்சை என்றாள். அவளுக்குப் பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும்.

4

டேவிட்டின் மொபைல் கடை ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். இறங்கி நடந்தபோதே என்னை நானே பார்த்தேன். கடை நெற்றியில் ஆளுயர பிளக்ஸ். சீருடையில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கையில் நான் பிடித்திராத சீட்டுகளைப் பிடித்திருக்கிறேன். சுமதி ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். இருவரும் படியேறினோம். ஜாய்ஸ் கல்லாவில் யாருக்கோ ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா! சொல்லாம கொள்ளாம!” டேவிட் உள்ளிருந்து வந்தார். “ஏய், அக்காவுக்கு ஒரு லெமன் சோடா சொல்லு.”

“சோடா வேணாம் தம்பி. அந்தப் படத்த எறக்குங்க. வீடியோவயும் எடுங்க. எனக்கு அங்க வேலை போவப்போவுது.”

“இன்னாக்கா இது, வந்ததும் வராததுமா. நீங்க சொன்னதத்தானே போட்டேன்? ஒரு வார்த்தை நான் சேக்கல.”

“சேக்கல. வெட்டினீங்க.”

“நீளமா இருந்தா எவன்கா பாப்பான்?”

“அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொன்னேனே, அதுவா நீளம்?”

அவர் சுமதியைக் கையால் காட்டினார். “இவங்க சொல்லிக்குடுத்தாங்களா?” என்று என்னைக் கேட்டவர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க சரியா ஆடலக்கா. சிஸ்டத்த நடுவுல வுட்டுட்டீங்க. கூட ரெண்டு தபா டபுள் பண்ணியிருந்தா வந்திருக்கும்.”

“எங்கருந்து பண்றது?” என்றாள் சுமதி. “கிட்னிய வித்தா?”

டேவிட் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. அதில் கோபம்கூட இல்லை. “அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மட்டும் அங்க கோட்டு போட்டுக்கினு அதே வேலய பண்லாம். சம்பளம் வாங்கலாம், வீடு வாங்கலாம், பொண்ண படிக்க வெக்கலாம். இங்க நான் பண்ணா மட்டும் பாவமா?”

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அவர் கேட்டதில் பொய் இல்லை. என் மேசைக்கு எதிரே ஓய்வூதியப் பணத்தோடு உட்கார்ந்து, அதைக் கொடுத்து மாற்றிய பந்தயச் சிப்புகளில் கடைசியை நகர்த்தும்போதும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போன கிழவிகளை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் இந்த விமானச் சீட்டும் வாங்கினேன். வித்தியாசம் இவ்வளவுதான்: அங்கே சக்கரம் ஒரு பக்கமாகச் சாயவில்லையா என்று யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள். வெளியேறும் வழியில், ஆட்டத்தை விட முடியாதவர்களுக்கு உதவி எண் ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு சின்ன வித்தியாசம் அது என்று அந்தக் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது. அதனால் என் கோபம் குறையவில்லை. இரண்டு பக்கமும் பாய்ந்தது.

“நீ எவ்ளோ ஆடியிருக்க?” என்று கேட்டேன். தங்கை புருஷனை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் முறை.

“நானா?” சிரித்தார். “நான் இன்னா பைத்தியமாக்கா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

சுமதி ஓர் அடி முன்னால் வந்தாள். “இன்னா சொன்ன?”

“இல்லக்கா, அது... நான் கடைய பாக்கறேன், டைம் இல்ல...”

“ஆடாதவனுக்கு இதுல இன்னா கெடைக்குது?”

“சேத்துவுட்டா கமிஷன். எல்லா கம்பெனியும் குடுக்கறதுதான்.”

கல்லாவிலிருந்து ஜாய்ஸ் பேசினாள். “ஆடறவங்க தோத்தாதான் கமிஷன். தோத்ததுல இத்தினி பங்குன்னு வரும். ஜெயிச்சா ஒண்ணும் வராது.” என்னைப் பார்க்காமல் சுமதியைப் பார்த்துச் சொன்னாள். “ரீசார்ஜ் கமிஷன் மாதிரின்னுதான் என்கிட்ட சொன்னாரு. போன மாசம்தான் மெசேஜ படிச்சேன்.”

“வாய மூட்றியா நீ,” என்றார் டேவிட்.

ஜாய்ஸ் மூடவில்லை. மேசைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். காணொளியைப் போட்டிருந்த சேனலை அவள் கையால்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் எட்டிப் பிடிக்க வந்தபோது நான் நடுவில் நின்றுகொண்டேன். என்னைத் தள்ள அவருக்குத் தயக்கமாக இருந்திருக்கும். அந்தத் தயக்கத்துக்குள் வேலை முடிந்தது. காணொளி, சேனல், எல்லாம் போனது.

வெளியே கிழிகிற சத்தம் கேட்டது. சுமதி ஸ்டூலைப் போட்டு ஏறி, பிளக்ஸை மூலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் முகம் நடுவில் இரண்டாகப் பிரிந்து கீழே வந்தது.

டேவிட் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “இத அழிச்சா இன்னாக்கா, உங்க வீடியோவ எடுத்து வேற பத்து பேர் போட்டுட்டாங்க. ராணிப்பேட்டைல ஒருத்தன், குடியாத்தத்துல ஒருத்தன். அவங்களயும் போய்ப் பாப்பீங்களா?”

அது உண்மை. பிறகு நானே பார்த்தேன்.

5

மறுநாள் சுமதி புகார் கொடுக்கப் போனாள். நானும் கூடப் போனேன். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார். “ஏம்மா, தடை பண்ணது தெரியாதா? யாரு உங்கள ஆடச் சொன்னது?”

சுமதி என்னைக் காட்டினாள். “இவங்கதான் சார்.”

எழுதுகிறவர் இப்போது தலையைத் தூக்கினார். அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறேன், வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன், உன்னோடு நிற்கிறேன், என்னையா காட்டுகிறாய் என்று தொண்டைவரை வந்தது. ‘சார், அது வேற வீடு’ என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றும் வந்தது.

“வீடியோல இருந்தது இவங்க. வெட்டிப் போட்டது இவங்க தங்கச்சி வீட்டுக்காரரு டேவிட். பணத்த எடுத்தது அந்த ஆப்பு,” என்றாள் சுமதி. “மூணையும் எழுதுங்க சார். ஒண்ணை வுட்டாலும் கையெழுத்து போட மாட்டேன்.”

“நீங்க இன்னாம்மா சொல்றீங்க?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“எழுதிக்கோங்க,” என்றேன். பெயர், தகப்பன் பெயர், கனடா முகவரி எல்லாம் சொன்னேன். அந்த முகவரியை மூன்று தடவை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் முழுப் பேச்சு எங்கே வெட்டப்பட்டது என்பதையும் வாக்குமூலமாகக் கொடுத்தேன்.

வெளியே வந்து டீ குடித்தோம். சுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. “வருத்தமா?” என்றாள்.

“ஆமா.”

“படு. ஆனா நான் பொய் சொல்லல.”

சொல்லவில்லைதான். டீக்கு அவளே காசு கொடுத்தாள். நான் தடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

நான் கனடா திரும்பும் முன் ஜாய்ஸ் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேலூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். “கொஞ்ச நாளுக்கு” என்றாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

6

திரும்பி வந்ததும் உரிம அலுவலகம் ஒரு கேள்வி கேட்டது: எந்த நாட்டிலாவது காவல்துறைப் புகாரில் உங்கள் பெயர் இடம்பெற்றிருக்கிறதா? ‘ஆம்’ என்றேன். உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை வேலை இல்லை.

அந்த நாட்களில் ஒருநாள் ரேச்சல் என் அறைக்கு வந்தாள். அவள் பள்ளியில் பையன்கள் வகுப்பிலேயே ஹாக்கி ஆட்டத்துக்குப் போனில் பந்தயம் கட்டுகிறார்களாம். ஒரு சிநேகிதி பந்தயம் கட்ட அப்பாவின் வங்கி அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாளாம். இதை என்னிடம் இதுவரை சொன்னதில்லை. “நீ சொன்னதை முழுசா நீயே சொல்லேன். நான் பிடிக்கிறேன்,” என்றாள். தமிழில்தான் சொன்னாள், ‘பிடிக்கிறேன்’ என்றால் படம்பிடிக்கிறேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினேன். சீருடை இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை. பாதியில் அவள் நிறுத்தினாள். “‘ஆட்ஸ்’னா தமிழ்ல என்ன?” ஜெயிக்க எவ்வளவு, தோற்க எவ்வளவு என்ற கணக்குக்கு இங்கே சொல்லும் ஆங்கிலச் சொல் அது. ‘வாய்ப்பு’ என்றேன். சொல்லிவிட்டு எனக்கே எரிந்தது. ‘தோற்பதற்கான வாய்ப்பு அதிகம்’ என்று சொன்னால்கூட நம் மொழியில் ஏதோ நல்லது கதவைத் தட்டுகிற மாதிரி ஒலிக்கிறது. அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். ‘போகும்’ என்றேன். இந்த ஆட்டத்தில் இவ்வளவு போகும், அந்த ஆட்டத்தில் அவ்வளவு போகும். வீடு என்ற சொல்லையும் விட்டேன். ‘கடைக்காரன்’ என்றேன்.

அதைப் பொதுவில் போட்டோம். டேவிட் போட்டதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை.

விசாரணையில் என்மேல் தவறில்லை என்று முடிவானது. ரேச்சலே எழுதிக் கொடுத்த ‘ஹவுஸ்’ விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். மறுவாரம் விடுதி என்னை அழைத்தது. மேலாளர் கைகுலுக்கினார். உரிமம் தயார், எப்போது வேண்டுமானாலும் மேசைக்கு வரலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஊழியர்கள் ஆட்டங்களைப் பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது. ஆகவே நான் புதிதாகப் போட்டிருக்கும் காணொளியை நீக்கிவிட வேண்டும்.

“அதில் பொய் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்லை,” என்றார். “அது பிரச்சினை இல்லை.”

மக்களை வரச் சொல்லி என் பெயரில் பொய் போனபோதும் இதே அறையில்தான் என்னை உட்காரவைத்தார்கள். வராதீர்கள் என்று உண்மை சொன்னதற்கும் இதே அறை. மேலாளர் திருப்பிக் கொடுத்த கழுத்துப் பட்டையை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. சம்பளம் பாதிக்குக் கீழே. என் கணவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை; வீட்டுக் கடன் அவர் தலையில்தான் ஏறியிருக்கிறது.

நேற்றுக் காலை சுமதி கூப்பிட்டாள். அங்கே ஷிஃப்ட் முடிந்த நேரம். பின்னால் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல்.

“வேலைய வுட்டுட்டியாமே? ஜாய்ஸ் சொன்னா. அறிவு இருக்கா உனக்கு?”

“வீடியோவ எடுக்கச் சொன்னாங்க.”

“அத மத்தியானம் சாப்பாட்டு டைம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்,” என்றாள். “சவுண்டு கம்மி. மறுபடி போட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“ரெண்டு பேர் அங்கியே ஆப்ப அழிச்சாங்க. ஒருத்தி ஒக்காந்து முழுசா பாத்தா. பாத்துட்டு, ‘அக்கா, அப்ப எந்த ஆட்டத்துல கம்மியா போவும்? அத ஆடலாமா?’ன்னு கேக்கறா.”

“நீ இன்னா பண்ண?”

“போனப் புடுங்கி நானே அழிச்சிட்டேன். அழுதா. என்கூட பேச மாட்டேன்னு போய்ட்டா. நாளைக்கு லைன்ல என் எதுக்கவேதான் ஒக்காரணும், பாத்துக்கறேன்.” பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் யாரையோ அதட்டினாள். “ஏய், இன்னாடி அது கையில? குடு போன. குடுன்றேன்ல!”

அழைப்பைத் துண்டிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அவள் கத்துவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.